பதினான்கில் ஓட்டு, முப்பத்தைந்தில் முகாம்

அமெரிக்காவின் புதிய ஜனாதிபதிக்கு வயது 24. ராக் பாடகர். பதவிக்கு வந்ததும் அவர் போடும் சட்டம் இது: முப்பது வயதானவர் எவரும் வேலையில் நீடிக்கக் கூடாது, முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் வேலி போட்ட முகாமுக்குப் போய்விட வேண்டும். முகாமில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீள அங்கி. நாள் முழுக்க எல்.எஸ்.டி. போதை. பெரியவர்களை வீடு வீடாகப் பிடித்துப் போக வருகிறவர்கள், மீசை அரும்பாத சீருடைப் பையன்கள்.

1968 மே மாத இறுதியில் வெளியான 'வைல்ட் இன் தி ஸ்ட்ரீட்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் கதை இது. நாளைய உலகத்தைக் கற்பனை செய்யும் அறிவியல் புனைவு, அன்றைய அரசியலைக் கிண்டலடிக்கும் நையாண்டி, பாட்டுப் படம் என மூன்றையும் ஒன்றாகக் கலந்து, குறைந்த செலவில், அவசர அவசரமாக எடுத்த படம். அது வெளியான நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடங்களை மாணவர்கள் கைப்பற்றினார்கள். மே மாதம் முழுக்கப் பாரிஸ் தெருக்களில் கல்லும் கண்ணீர்ப்புகையும். படம் வந்த சில நாட்களில், ஜூன் 5 அன்று, ராபர்ட் கென்னடி சுடப்பட்டு மறுநாள் இறந்தார். நாட்டின் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து நிஜமாகவே பயந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்தப் பயத்தைப் படம் எடுத்துக்கொண்டு, எட்டிய மட்டும் இழுத்துப் பார்த்தது.

பதின்பருவத்தினர் உலகை ஆண்டால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பல படங்கள் கேட்டிருக்கின்றன. பெரும்பாலானவை மறந்துபோயின. இந்த ஒன்று மட்டும் இன்னும் பேசப்படுவதற்குக் காரணம், அதன் கண் இளைஞர்களோடு நின்றுவிடவில்லை. அவர்களிடம் கைகட்டி வந்து நின்ற பெரிய மனிதரையும் அது விடாமல் பார்த்தது.

ஒரு சீட்டுக்காகச் செய்த பேரம்

கதாநாயகன் மேக்ஸ் ஃப்ராஸ்ட். சிறு வயதிலேயே வீட்டைப் பிடிக்காதவன். தாயின் அதட்டலும் தந்தையின் இயலாமையும் நிறைந்த வீடு. குடும்பத்தின் புதுக் காரை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு ஓடிப்போகிறான். அடுத்து நாம் பார்க்கும்போது அவன் கோடீஸ்வரப் பாடகன், பெவர்லி ஹில்ஸில் மாளிகை, சுற்றிலும் ஒரு விசித்திரமான குழு. அதில் ஒருவன் பதினைந்து வயதிலேயே சட்டம் படித்து முடித்த மேதை. இன்னொருத்தி, குழந்தை நட்சத்திரமாக இருந்து வளர்ந்துவிட்ட சாலி லீராய். டிரம்ஸ் வாசிப்பவன் மானுடவியல் படித்த ஸ்டான்லி எக்ஸ். அந்த வேடத்தில் வருபவர், பின்னாளில் அமெரிக்க மேடை நகைச்சுவையின் போக்கையே மாற்றிய ரிச்சர்ட் பிரையர்.

கதை சூடு பிடிப்பது ஜானி ஃபெர்கஸ் வரும்போதுதான். கலிஃபோர்னியாவில் செனட் தேர்தலுக்கு நிற்கும் 37 வயது அரசியல்வாதி. முற்போக்கானவர், பேச்சுத் திறமை உள்ளவர், பார்க்கவும் லட்சணமானவர். வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைப்பேன் என்பது அவருடைய வாக்குறுதி. ஹால் ஹோல்புரூக் இந்தப் பாத்திரத்தை மிக நுட்பமாகச் செய்திருக்கிறார். கெட்டவர் என்று ஒரு காட்சியில்கூட நாம் நினைப்பதில்லை. தன் கூட்டத்தில் பாட வரும்படி மேக்ஸை அழைக்கிறார். மேக்ஸ் வருகிறான், பாடுகிறான், மேடையிலேயே பதினெட்டைப் பதினான்காக்கிவிடுகிறான். நாட்டில் 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 52 சதவீதம், பாதிக்கு மேல் நாம்தான், நமக்கு எதற்கு அடுத்தவர் தயவு என்பது அவன் வாதம். ஃபெர்கஸ் அதிர்ந்துபோகிறார். ஆனால் அந்தக் கூட்டத்தின் இரைச்சலும் அவர் காதில் விழுகிறது. இருவரும் பதினைந்தில் சமரசம் செய்துகொள்கிறார்கள்.

படத்தின் முதுகெலும்பு இந்தச் சமரசம்தான். வயதைப் பற்றிய கொள்கை எதுவும் இரண்டு பேருக்கும் இல்லை. காய்கறிச் சந்தையில் விலை படிவதைப் போல ஒரு ஜனநாயக உரிமை படிகிறது. ஃபெர்கஸ் ஜெயிக்கிறார். அதன் பிறகு நடப்பது எதுவும் அவர் கையில் இல்லை.

அமெரிக்க அரசியல் சட்டப்படி பிரதிநிதிகள் சபைக்கு 25 வயது, செனட்டுக்கு 30, ஜனாதிபதிக்கு 35 நிரம்பியிருக்க வேண்டும். மேக்ஸின் குழுவில் 25 ஆனவள் சாலி ஒருத்திதான். ஓர் உறுப்பினர் இறந்து காலியான இடத்துக்கு அவளை நிறுத்தி ஜெயிக்க வைக்கிறார்கள். அவள் போதை இறங்காத நிலையில் சபையில் எழுந்து, எல்லாப் பதவிகளுக்கும் வயது வரம்பைப் பதினான்காக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவருகிறாள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பை நிறுத்த, வாஷிங்டன் நகரின் குடிநீரில் எல்.எஸ்.டி. கலக்கப்படுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரையும் பக்கத்துக்கு ஒரு பிள்ளை கைபிடித்துச் சபைக்கு அழைத்து வர, மசோதா நிறைவேறுகிறது. மேக்ஸ் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று ஜனாதிபதி ஆகிறான்.

அவன் ஆட்சியில் நல்லதும் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. உலகெங்கும் நிற்கும் அமெரிக்கப் படைகளைத் திரும்ப அழைக்கிறான். பசித்த நாடுகளுக்குத் தானியத்தை இலவசமாக அனுப்புகிறான். எஃப்.பி.ஐ.யைக் கலைக்கிறான். வியட்நாம் போரை எதிர்த்துத் தெருவில் நின்ற ஒவ்வொரு மாணவனும் கேட்டவை இவை. அதே கைதான் முகாம் உத்தரவிலும் கையெழுத்துப் போடுகிறது. எதிரே உட்கார்ந்து பார்த்த இளைஞருக்கு எங்கே கைதட்டுவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போயிருக்கும். அந்தத் தடுமாற்றத்தை உண்டாக்கியதுதான் திரைக்கதையின் சாமர்த்தியம்.

கடைசியில் மேக்ஸ் வெளியே போன இடத்தில் சில சிறுவர்களைப் பார்க்கிறான். வயதைக் கேட்கிறார்கள். 24 என்கிறான். அது கிழட்டு வயது என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் ஆசையாக வைத்திருந்த நண்டு மாதிரியான சின்னப் பிராணியை அவன் கொன்றுவிட்டுப் போகிறான். பத்து வயதுக்கு மேலானவர்களை எல்லாம் ஒழித்துக்கட்டுவோம் என்று ஒரு பொடியன் முடிவுக்கு வருகிறான்.

அந்த 52 சதவீதம்

கதையை எழுதியவர் ராபர்ட் தாம். 1966 டிசம்பரில் 'எஸ்குவயர்' இதழில் சிறுகதையாக வந்ததை அவரே திரைக்கதை ஆக்கினார். அவர் கற்பனை எங்கிருந்து கிளம்பியது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு தொடங்கி 1964 வரை அமெரிக்காவில் சுமார் 7 கோடியே 60 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அறுபதுகளின் நடுவில் அந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்துக் கல்லூரி வாசலுக்கு வந்து நின்றார்கள். 1966-க்கான 'ஆண்டின் மனிதர்' என்று 'டைம்' இதழ் தேர்ந்தெடுத்தது எந்தத் தலைவரையும் அல்ல. '25-ம் அதற்குக் கீழும்' என்று ஒரு தலைமுறையையே அட்டையில் போட்டது. முப்பதைத் தாண்டிய எவரையும் நம்பாதீர்கள் என்ற புகழ்பெற்ற வாசகம் 1964-இல், பெர்க்லி மாணவர் போராட்டத்தின்போது, போராட்டக்காரர் ஜாக் வைன்பெர்க் ஒரு நிருபரிடம் சொன்னது. ராபர்ட் தாம் செய்தது, அந்த வாசகத்தைச் சட்டமாக்கினால் நாடு எப்படி இருக்கும் என்று யோசித்ததுதான்.

மேக்ஸ் சொல்லும் 52 சதவீதம் கொஞ்சம் ஊதிய கணக்கு. 1970 கணக்கெடுப்பின்படி அமெரிக்கர்களின் நடு வயது சுமார் 28. அதாவது பாதிப் பேர் 28-க்குக் கீழே. இருந்தாலும் கணக்கின் திசை சரி. எண்ணிக்கையில் பாதி, அதிகாரத்தில் பூஜ்யம் என்ற நிலை உண்மையாகவே இருந்தது. 1942-லிருந்து 18 வயதுப் பையனைப் போருக்கு இழுத்துப் போகலாம். ஓட்டுப் போட அவன் பெரும்பாலான மாநிலங்களில் 21 வரை காத்திருக்க வேண்டும். 1968-இல் வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். துப்பாக்கி பிடிக்கும் வயது வந்தவனுக்கு ஓட்டுப் போடும் வயது வரவில்லையா என்ற கோஷம் அப்போதே கால் நூற்றாண்டுப் பழசு.

பத்தொன்பது வயதுப் பையனைக் குறிவை

படத்தைத் தயாரித்தது அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், சுருக்கமாக ஏ.ஐ.பி. அதன் உரிமையாளர்கள் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும். ஐம்பதுகளின் நடுவில் தொலைக்காட்சி வந்து பெரியவர்களை வீட்டோடு கட்டிப்போட்டபோது, பெரிய ஸ்டூடியோக்கள் கலங்கி நின்றன. இவர்கள் இருவரும் வேறொன்றைக் கவனித்தார்கள். வீட்டில் பெற்றோரோடு உட்கார விரும்பாத ஒரு கூட்டம், கையில் கொஞ்சம் காசும் அப்பாவின் காரும் வைத்துக்கொண்டு, டிரைவ்-இன் திரையரங்குகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. 1957-இல் 'ஐ வாஸ் எ டீனேஜ் வேர்வுல்ஃப்', 1963-இல் 'பீச் பார்ட்டி', 1966-இல் மோட்டார் சைக்கிள் கும்பலைப் பற்றிய 'தி வைல்ட் ஏஞ்சல்ஸ்', 1967-இல் எல்.எஸ்.டி. அனுபவத்தையே கதையாக்கிய 'தி ட்ரிப்' என்று அந்தக் கூட்டத்துக்காகவே சமைத்துப் போட்டார்கள். தலைப்பையும் போஸ்டரையும் முதலில் தயார் செய்துவிட்டுப் பிறகு கதை எழுதச் சொல்வது அவர்களுடைய வழக்கம்.

அவர்கள் வைத்திருந்த வியாபாரச் சூத்திரத்துக்குப் 'பீட்டர் பேன்' என்று பெயர். அண்ணன் பார்ப்பதைத் தம்பி பார்ப்பான், தம்பி பார்ப்பதை அண்ணன் பார்க்க மாட்டான். பையன்கள் பார்ப்பதைப் பெண்கள் பார்ப்பார்கள், பெண்கள் பார்ப்பதைப் பையன்கள் பார்க்க மாட்டார்கள். ஆகவே 19 வயதுப் பையனைக் குறிவைத்தால் எல்லோரும் வந்து சேர்வார்கள். மேக்ஸ் ஃப்ராஸ்ட்டின் 52 சதவீதமும் நிக்கல்சன், ஆர்காஃபின் 19 வயதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒன்று ஓட்டு எண்ணியது, மற்றது டிக்கெட் எண்ணியது.

படத்தின் சட்டப்படி அதை எடுத்தவர்களில் பெரும்பாலோர் முகாமில் இருக்க வேண்டியவர்கள். தயாரிப்பாளர்கள் இருவரும் ஐம்பதை ஒட்டியவர்கள். இயக்குநர் பேரி ஷியர் நாற்பதைத் தாண்டியவர், தொலைக்காட்சியில் தேர்ந்தவர். தாயாக நடித்த ஷெல்லி வின்டர்ஸுக்கு 47. மேக்ஸாக நடித்த கிறிஸ்டோபர் ஜோன்ஸுக்கே 26 ஆகிவிட்டது. மேக்ஸ் வேடத்துக்கு முதலில் அழைக்கப்பட்டவர்களில் போர் எதிர்ப்புப் பாடகர் ஃபில் ஓக்ஸும் ஒருவர். கதையைப் படித்துவிட்டு, இளைஞர் இயக்கத்தின் உண்மையான முகம் இதில் இல்லை என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. படத்தில் வரும் இளைஞர்கள் எவரும் ஒரு துண்டறிக்கைகூட எழுதுவதில்லை, ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து வாதாடுவதில்லை, சிறைக்குப் போவதில்லை. சிவில் உரிமைப் போராட்டத்தில் தெற்கு மாநிலங்களில் அடிபட்ட மாணவர்களின் உழைப்பு படத்தில் எங்கும் இல்லை. ஆட்சி அவர்கள் மடியில் பாட்டோடு வந்து விழுகிறது.

பாட்டு என்றதும் மைக் கர்ப்பைச் சொல்ல வேண்டும். பேரி மானும் சிந்தியா வெய்லும் எழுதிய பாடல்கள் 'மேக்ஸ் ஃப்ராஸ்ட் அண்ட் தி ட்ரூப்பர்ஸ்' என்ற இல்லாத குழுவின் பெயரில் இசைத்தட்டாக வந்தன. 'ஷேப் ஆஃப் திங்ஸ் டு கம்' என்ற பாட்டு 1968-இல் பில்போர்டு பட்டியலில் 22-ஆவது இடம் வரை ஏறியது. திரையில் மட்டும் இருந்த பாடகனின் தட்டை நிஜப் பிள்ளைகள் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த இசைப்பதிவுகளின் பின்னால் இருந்த கர்ப்புக்கு அப்போது 23 வயது; மேக்ஸின் சட்டத்துக்குத் தப்பியிருக்கக்கூடியவர்களில் அவரும் ஒருவர். மறு ஆண்டே எம்.ஜி.எம். ரெக்கார்ட்ஸின் தலைவர் ஆனார். 1970-இல், போதைப் பொருளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லிப் பல கலைஞர்களை அந்த நிறுவனத்திலிருந்து நீக்கினார். 1979 முதல் 1983 வரை கலிஃபோர்னியாவின் துணை ஆளுநர். கட்சி, மேக்ஸ் நின்ற அதே குடியரசுக் கட்சி. முகாமும் எல்.எஸ்.டி.யும் கற்பனையாகவே முடிந்தன. பாட்டிலிருந்து பதவிக்குப் போகும் பாதை நிஜமாகவே திறந்தது.

சிரிப்பு நிற்கும் இடம்

படம் நெடுக நமக்குச் சிரிப்பு மூட்டும் ஷெல்லி வின்டர்ஸ், மகன் பிரபலமானதும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் தாய். இளமை வேடம் போட்டுப் பார்க்கிறாள், கடைசியில் அவளையும் முகாமுக்கு இழுத்துப் போகிறார்கள். அந்த இடத்தில் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. வின்டர்ஸுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்தது 1959-இல் வந்த 'தி டைரி ஆஃப் ஆன் ஃப்ராங்க்'. அதில் ஆன் ஆக நடித்த மில்லி பெர்கின்ஸ் இந்தப் படத்தில் ஃபெர்கஸின் மனைவி. முகாமுக்குப் பயந்து ஒளிந்திருந்த மக்களின் கதையில் நடித்த இருவர், ஒன்பது ஆண்டு கழித்து, ஆடிப்பாடும் பிள்ளைகள் முகாம் கட்டும் கதையில். 1968-இல் அரங்கில் இருந்த பெற்றோர்களுக்கு அந்த முகங்கள் நினைவில் இருந்திருக்கும்.

விமர்சகர்களில் பாலின் கேல் இதைக் கூர்மையாகப் பிடித்தார். 1969 பிப்ரவரி 'ஹார்ப்பர்ஸ்' இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை, இந்தப் படத்தை மட்டமான சரக்கு என்று தயங்காமல் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஸ்டான்லி கூப்ரிக்கின் '2001'-ஐ விட இதுவே பார்ப்பவரின் வாழ்க்கையோடு ஒட்டிப் பேசுகிறது என்றும் வாதிட்டது. பலருக்குக் கோபம் வந்தது. இன்று இரண்டையும் பார்ப்பவர்களுக்குக் கூப்ரிக்கின் பிரமாண்டத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. ஆனால் 1968 என்ற ஆண்டின் நாடித்துடிப்பு எந்தப் படத்தில் கேட்கிறது என்று கேட்டால் கேல் சொன்னதே சரி. ஆஸ்கர் குழுவும் இதைக் கவனித்தது: தொகுப்பாளர்கள் ஃபிரெட் ஃபைட்ஷான்ஸும் ஈவ் நியூமனும் பரிந்துரை பெற்றார்கள். செய்திப்படத் துண்டுகள், மேடைப் பேச்சு, பாட்டு, பிளந்த திரை என்று மாறி மாறி ஓடும் அந்தத் தொகுப்புக்கு அது தகும்.

படத்தின் மிக அபத்தமான காட்சி எது என்று கேட்டால் எல்லோரும் குடிநீரைத்தான் சொல்வார்கள். மூன்றே மாதத்தில் அது காவல்துறையின் வேலைப் பட்டியலில் வந்தது. 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, நகரின் குடிநீரில் எல்.எஸ்.டி. கலப்போம் என்று, 'யிப்பி' எனப்பட்ட போர் எதிர்ப்பு இளைஞர்கள் மிரட்டினார்கள். விளையாட்டுப் பேச்சு, ஒரு நகரத்தின் தண்ணீரை மயக்கத் தேவையான அளவு எவரிடமும் இல்லை. இருந்தும் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் காவல் போட்டார்கள். ஆட்களுக்குத் தெரியாமலே எல்.எஸ்.டி.யை உண்மையில் கொடுத்துப் பார்த்தவர்கள் வேறு. சி.ஐ.ஏ. 1953-இல் தொடங்கிய எம்.கே. அல்ட்ரா திட்டத்தில் அது பல ஆண்டுகள் நடந்தது. ராணுவ விஞ்ஞானி ஃபிராங்க் ஓல்சனுக்கு அவர் அறியாமல் கொடுத்தார்கள். சில நாட்களில் நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். 1975-இல் விசாரணைக் குழுக்கள் முன்பு இதெல்லாம் வெளியே வந்தது. செய்தவர்கள் அனைவரும் கோட்டும் டையும் அணிந்த, முப்பதைத் தாண்டிய அதிகாரிகள்.

பெய்ஜிங்கில் நடந்தது

ராபர்ட் தாம் கதை எழுதிய அதே 1966-இல், பதின்பருவத்தினர் உண்மையிலேயே ஒரு பெரிய நாட்டின் தெருக்களை ஆண்டார்கள். மே மாத இறுதியில் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழக நடுநிலைப் பள்ளியில், மாணவர் படைக்குச் செங்காவலர் என்ற பெயர் பிறந்தது. ஆகஸ்ட் 5 அன்று, பெய்ஜிங்கின் பெயர்பெற்ற பெண்கள் பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியை பியான் சொங்யுனை அவருடைய மாணவிகளே அடித்துக் கொன்றார்கள். அவருக்கு வயது 50. பதின்மூன்று நாள் கழித்து, தியானன்மென் சதுக்கத்தில் பத்து லட்சம் பேர் கூடிய பேரணியில், அந்தப் பள்ளியின் மாணவர் தலைவர்களில் ஒருவரான சொங் பின்பின் சீனத் தலைவர் மாவோவின் கையில் செங்காவலர் பட்டையைக் கட்டினார். அந்தப் புகைப்படம் நாடெங்கும் பரவியது. ஆசிரியையைத் தான் அடிக்கவில்லை என்று சொல்லிவந்த அவர், காப்பாற்றத் தவறியதற்காக 2014-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பேரணி நாளில் மாவோவுக்கு வயது 72. கட்சிக்குள் தன் பிடி தளர்ந்துவிட்டதென்று அஞ்சியவர், கட்சிக்கு வெளியே இருந்த பிள்ளைகளைத் திறந்துவிட்டார். போலீஸ் தலையிடக் கூடாதென்று உத்தரவு போனது. வேலை முடிந்ததும், 1968 டிசம்பரில், படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் விவசாயிகளிடம் பாடம் கற்க வேண்டும் என்று ஆணை வந்தது. ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர் நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அதில் பலர் பத்தாண்டு திரும்பவில்லை. படிப்பு போயிற்று, வயதும் போயிற்று.

ஃபெர்கஸ் இளைஞர்களிடம் தோற்றார்; மாவோ தோற்கவில்லை. ஆனால் இருவரும் தொடங்கிய இடம் ஒன்றே. சொந்தப் போட்டியில் ஜெயிக்க, பிள்ளைகளின் கோபத்தைக் கடன் வாங்கினார்கள். விடலைகளின் ஆட்சி என்று பயந்து எழுதப்படும் கதைகளில் இந்தக் கடன்காரர்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறார்கள். 'வைல்ட் இன் தி ஸ்ட்ரீட்ஸ்' அப்படி ஒருவரான ஃபெர்கஸைப் பெயரோடும் குடும்பத்தோடும் நடுவில் நிறுத்தியது. அவருடைய சொந்த மகனே மேக்ஸின் பக்கம் போய்விடுவதையும் காட்டியது.

இதே வகையில் வந்த மற்றப் படங்களுக்கு இந்தப் பார்வை இல்லை. 1965-இல் பெர்ட் ஐ. கார்டன் எடுத்த 'வில்லேஜ் ஆஃப் தி ஜெயன்ட்ஸ்' படத்தில் விநோதப் பண்டம் ஒன்றைத் தின்று பிள்ளைகள் முப்பதடி உயரம் வளர்ந்து ஊரைப் பிடிக்கிறார்கள். வேடிக்கைதான், அதற்கு மேல் இல்லை. ரோஜர் கோர்மனின் 'கேஸ்-எஸ்-எஸ்-எஸ்' படத்தில் ராணுவக் கிடங்கிலிருந்து கசிந்த வாயு 25 வயதைத் தாண்டிய அனைவரையும் கொன்றுவிடுகிறது. ஏ.ஐ.பி. அதைத் தன் இஷ்டத்துக்கு வெட்டியதில் வெறுத்துப்போன கோர்மன் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1967-இல் பிரிட்டனில் பீட்டர் வாட்கின்ஸ் எடுத்த 'பிரிவிலேஜ்' மட்டும் தனி. அதில் பாப் பாடகனை அரசும் திருச்சபையும் சேர்ந்து, இளைஞர்களை அடக்கும் கருவியாக்குகின்றன. தாமின் கதையைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போன்ற படம். இரண்டையும் ஒரே மாலையில் பார்க்க வாய்ப்பவர்கள் பாக்கியசாலிகள்.

ஓட்டு வந்த விதம்

மேற்கு வர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜென்னிங்ஸ் ரான்டால்ஃப் 1942-லிருந்து பதினொரு முறை 18 வயது வாக்குரிமைக்கான திருத்தத்தைக் கொண்டுவந்தார். படம் வந்து இரண்டு ஆண்டில், 1970-இல், காங்கிரஸ் அதை ஒரு சாதாரணச் சட்டத்தின் மூலம் கொண்டுவந்தது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மத்தியத் தேர்தல்களுக்கு இது செல்லும், மாநிலத் தேர்தல்களுக்குச் செல்லாது என்றது. இதனால் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு வாக்காளர் பட்டியல், இரண்டு விதச் சீட்டு வைத்துக்கொள்ள வேண்டிய நிலை. அந்தச் செலவும் குழப்பமும் போதும் போதுமென்றாகி, 1971 மார்ச்சில் செனட் 94-0 என்றும் கீழ்ச்சபை 401-19 என்றும் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றின. ஜூலை 1-க்குள் தேவையான 38 மாநிலங்களும் ஒப்புதல் தந்தன. அமெரிக்க வரலாற்றிலேயே வேகமாக நிறைவேறிய திருத்தம் அது.

சுமார் 1 கோடியே 10 லட்சம் புதிய வாக்காளர்கள். 1972 தேர்தலில் போரை உடனே நிறுத்துவதாகச் சொன்ன ஜார்ஜ் மெக்கவர்ன் அவர்களை நம்பி நின்றார். 18 முதல் 20 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே வாக்களித்தார்கள். நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். 52 சதவீதம் ஒரே திசையில் ஓட்டுப் போடும் என்பதில் மேக்ஸும் ஃபெர்கஸும் சேர்ந்தே தவறியிருந்தார்கள். பத்தொன்பது வயதுத் தொழிலாளியும் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவரும் வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தார்கள், வெவ்வேறாகவே வாக்களித்தார்கள்.

அமெரிக்காவின் நடு வயது இன்று 39-ஐ எட்டிவிட்டது. 2025 ஜனவரியில் 82 வயது ஜனாதிபதி இறங்க, 78 வயதானவர் ஏறினார். மறுபுறம் ஆஸ்திரியா 2007-இலேயே 16 வயதுக்கு ஓட்டுரிமை தந்தது. பிரிட்டன் அரசும் 2025 ஜூலையில் அதே முடிவை அறிவித்தது. பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதா என்று இன்றும் எழும் எதிர்ப்புகளில் 1968-இன் பயம் அப்படியே இருக்கிறது.

2025 செப்டம்பரில் நேபாளத்தில் நடந்ததை இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கூடுதல் கவனத்தோடு படித்திருப்பார்கள். அரசு 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியது. ஊழலையும் தலைவர் வீட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரத்தையும் எதிர்த்துப் பொங்கிக்கொண்டிருந்த இளைஞர்கள், பலர் பள்ளிச் சீருடையோடே, செப்டம்பர் 8 அன்று காத்மாண்டு தெருவுக்கு வந்தார்கள். அன்று மட்டும் போலீஸ் சுட்டதில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் எரிந்தன, பிரதமர் கே.பி. சர்மா ஒலி ராஜினாமா செய்தார். கலவரத்தில் போன உயிர்கள் எழுபதைத் தாண்டின.

ஆட்சி காலியாகக் கிடந்த அந்த நாட்களில், வீடியோ கேம் ஆர்வலர்கள் அரட்டையடிக்கும் டிஸ்கார்ட் தளத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடி, இடைக்காலத் தலைமைக்கு யார் என்று மணிக்கணக்கில் வாதாடி ஓட்டெடுத்தார்கள். அப்போது காத்மாண்டு மேயராக இருந்த பாடகர் பாலேந்திர ஷாவின் பெயரும் பலமாக அடிபட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியாக இருந்த சுசீலா கார்க்கி, வயது 73. செப்டம்பர் 12 அன்று அவர் நேபாளத்தின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றார். அன்றே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, 2026 மார்ச் 5 தேர்தல் நாள் என்று அறிவிக்கப்பட்டது. இளைஞர்கள் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு முதியவரின் நேர்மையை எடைபோட்டு, ஆறு மாதத் தவணையோடு அவரிடம் கொடுக்கும் காட்சி ராபர்ட் தாமின் திரைக்கதையில் இல்லை. இங்கே பார்த்த வேறு எந்தப் படமும் அதை எழுதிப் பார்க்கவில்லை.